அங்கே ஒன்றும் முளைக்காது என்றார்கள்: பனிக்கண்டத்தின் பாசியும் இலைக்கனும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

1841ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பிரித்தானியக் கடற்படையின் கப்டன் ஜேம்ஸ் குளார்க் ரொஸ், எரிபஸ், டெரர் என்ற இரண்டு பாய்க்கப்பல்களோடு அதுவரை எவரும் போகாத தென்கடலுக்குள் போனார். இன்று அந்தக் கடலுக்கு அவருடைய பெயர்தான், ரொஸ் கடல். அங்கே இரண்டு சிறு தீவுகளில் கரையிறங்கினார்கள். 12ஆம் திகதி பொசெஷன் தீவு, 27ஆம் திகதி பிராங்ளின் தீவு. முதல் தீவில் கால் வைக்க இடமில்லாமல் பென்குயின் கூட்டம். இரண்டாவது தீவில் அலை அடித்த அடியில், கரைக்குத் தாவிய ஒரு இளைஞர் வழுக்கிக் கடலுக்குள் விழுந்தார். படகுக்கும் பாறைக்கும் நடுவில் நசியாமல் மயிரிழையில் தப்பினார். அவர்தான் கப்பலின் உதவி வைத்தியரும் தாவரவியலாளருமான ஜோசப் ஹூக்கர். அப்போது வயது 23.

இரண்டு தீவிலும் ஒரு பச்சையும் கண்ணில் படவில்லை. ரொஸ் அதை வைத்தே முடிவு கட்டிவிட்டார். இறங்கிய இரண்டு இடத்திலும் ஓர் இலைக்கன்கூட இல்லை, ஆகவே தென்துருவ நிலங்களில் தாவர உலகத்தைச் சேர்ந்த எதுவுமே கிடையாது என்பது அவருடைய கருத்து.

அந்தாட்டிக்கா நம் நாட்டைப் போல 200 மடங்குக்கு மேல் பெரியது. அவ்வளவு பெரிய கண்டத்தைப் பற்றிய தீர்ப்பு, கரையோரத்து இரண்டு குட்டித் தீவுகளில் கொஞ்ச நேரம் நின்று பார்த்து எழுதப்பட்டது. அந்தத் தீர்ப்பு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது என்பதுதான் இன்றைய கதை.

அதற்கு முன் இரண்டு சொற்கள். பாசி என்றால் இங்கே நோன்பு திறக்கும்போது சாப்பிடுகிறோமே, அந்தக் கடற்பாசி அல்ல. மழைக்காலத்தில் பழைய மதிலில் வெல்வெட் துணி விரித்தாற்போல் முளைக்குமே, அது. இலைக்கன் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வளவில் நிற்கும் தென்னை மரத்தில் வெள்ளையும் சாம்பலும் பச்சையுமாகச் சுண்ணாம்பு அப்பியதுபோல் திட்டுத் திட்டாக இருப்பது அதுதான். அது ஒரே உயிரல்ல. ஒரு பங்கசும் ஓர் அல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பங்கசு வீடு கட்டிக் கொடுக்கும், அல்கா வெயிலில் உணவு சமைக்கும். 1867இல் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் விஞ்ஞானி இதைச் சொன்னபோது, இலைக்கன் ஆய்வில் பேர்பெற்ற பலர் ஏற்க மறுத்தார்கள்.

பாசிக்கும் இலைக்கனுக்கும் வேர் கிடையாது. கிடைக்கும் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சும். ஈரம் இல்லையென்றால் காய்ந்து சருகாகித் தொழிலை நிறுத்திவிடும். மறுபடி ஈரம் பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மரமும் புல்லும் செத்துப்போகும் இடத்தில் இவை இருப்பதற்கு இதுதான் காரணம். இன்றைக்கும் அந்தாட்டிக்காவுக்குச் சொந்தமான பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு. ஆனால் இலைக்கன் வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பாசி வகைகளும் நூறைத் தாண்டும்.

மறுபடி ஹூக்கரிடம் வருவோம். இந்த மனிதர் குனிந்து பார்க்கும் ஆள். 1840இல் இதே பயணத்தில் இந்து சமுத்திரத்தின் தெற்கே உள்ள கேர்கலன் தீவில் நடுக்குளிர்காலத்தில் வேலை செய்தார். அங்கே பூக்கும் தாவரம் 18தான் கிடைத்தது. பாசியும் அதன் இனத்தவையும் 35, இலைக்கன் 25 என்று பட்டியல் போட்டார். உறைந்து கல்லாகிப்போன கட்டிகளைச் சுத்தியலால் தட்டி எடுத்ததையும், அவற்றின் மேல் உட்கார்ந்து உடம்புச் சூட்டில் இளக வைத்ததையும் அவரே எழுதியிருக்கிறார்.

1843 ஜனவரி 6இல் அதே கப்பல்கள் கண்டத்தின் மறுபக்கம், அந்தாட்டிக்கத் தீபகற்பத்துக்கு அருகே கொக்பர்ன் தீவுக்குப் போயின. ஹூக்கர் அங்கே இறங்கினார். பாசி, அல்கா, இலைக்கன் என்று 19 வகைகளோடு திரும்பினார். பாறைகளுக்குச் செம்மஞ்சள் நிறம் பூசினாற்போல் ஓர் இலைக்கன் படர்ந்திருந்தது. தீர்ப்பு எழுதி இரண்டு வருடம் ஆகவில்லை, முதல் விரிசல் விழுந்துவிட்டது.

இந்த ஹூக்கருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார். வேலை முடியுமுன் 1896இல் காலமாகிவிட்டார். மிச்சப் பாகங்களை எழுதி 1900இல் நூலை நிறைவு செய்தவர் ஹூக்கர். அப்போது அவருக்கு வயது 80க்கு மேல். 23 வயதில் பனிக்கடலில் விழுந்து எழும்பிய அதே ஆள்தான் நம் காட்டு மரங்களின் பட்டியலையும் முடித்துத் தந்தார்.

சரி, கொக்பர்ன் தீவு தென்துருவ வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. வட்டத்துக்கு உள்ளே எதுவும் வளர முடியாது என்ற எண்ணம் அப்படியே இருந்தது. அதை உடைத்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல, ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!

கார்ஸ்டன் போர்ச்கிரெவிங்க் நோர்வேயில் பிறந்தவர். அவுஸ்திரேலியாவில் ஒரு பாடசாலையில் மொழியும் இயற்கை விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டிருந்தார். 1894இல் 'அந்தாட்டிக்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் மெல்பேர்னுக்கு வந்தபோது தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். விஞ்ஞானிக்கு இடமில்லை, கூலி மாலுமிக்குத்தான் இடம் என்றார்கள். சரி என்று ஏறிவிட்டார். 1895 ஜனவரி 18இல் அந்தக் கப்பல் பொசெஷன் தீவை அடைந்தது. ஆம், 54 வருடங்களுக்கு முன் ரொஸ் இறங்கி ஒன்றுமில்லை என்று சொன்ன அதே தீவு. போர்ச்கிரெவிங்க் அங்கே பாறையில் ஒட்டியிருந்த இலைக்கனைக் கண்டு எடுத்துக்கொண்டார். தென்துருவ வட்டத்துக்குள் கிடைத்த முதல் தாவரச் சான்று என்று அறிவுலகம் அதைப் பேசியது.

பின்னாளில் 86 பாகை தெற்கு வரைக்கும் இலைக்கன் கண்டுபிடிக்கப்பட்டது. துருவப் புள்ளிக்கு இன்னும் நாலு பாகைதான்.

இத்தோடு பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை.

1903 டிசம்பரில் ரொபர்ட் ஸ்கொட் இரண்டு தோழர்களோடு மலைகளுக்கு நடுவில் பனியே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினார். இன்று மக்மர்டோ வரண்ட பள்ளத்தாக்குகள் என்று சொல்லப்படும் பகுதி அது. உலகிலேயே மிகக் குளிரான, மிக வரண்ட பாலைவனங்களில் ஒன்று. ஒரு பாசியோ இலைக்கனோகூட இல்லை, இது செத்த பள்ளத்தாக்கு என்று ஸ்கொட் எழுதினார். 70 வருடங்கள் கழித்தும் பல விஞ்ஞானிகளின் எண்ணம் பெரிதாக மாறவில்லை. அங்குள்ள மண்ணில் கிருமியே உயிர் வாழாது, செவ்வாய்க் கிரகமும் இப்படித்தான் இருக்கும் என்று வாதிட்டார்கள்.

அதை மறுத்தவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வூல்ஃப் விஷ்னியக். செவ்வாயில் உயிரைத் தேட அவர் வடிவமைத்த கருவியை, செலவைக் காரணம் காட்டி வைக்கிங் விண்கலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மனம் தளராமல் அந்தாட்டிக்காவுக்குப் போனார். 1973 டிசம்பர் 10இல் அஸ்கார்ட் மலைத்தொடரில் தனியாக மாதிரிகளை எடுக்கப் போன இடத்தில் சரிவில் விழுந்து இறந்தார். வயது 51.

அவர் புறப்படுமுன் இம்ரே பிரீட்மன் என்ற நண்பர் ஒரு உதவி கேட்டிருந்தார். பாலைவனக் கற்களுக்குள் வாழும் அல்காவைத் தேடுபவர் அவர். அந்தாட்டிக்காவிலிருந்து சில கற்கள் கொண்டு வரச் சொன்னார். விஷ்னியக் திரும்பவில்லை. ஆனால் அவர் சேகரித்திருந்த கற்களை அவருடைய மனைவி பிரீட்மனுக்கு அனுப்பி வைத்தார். அவற்றை உடைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது உள்ளே உயிர் இருந்தது.

பிரீட்மனும் பிலிப்பைன்ஸில் பிறந்த அவருடைய மனைவி ரொஸ்லி ஒகாம்போவும் 1976இல் கல்லுக்குள் வாழும் நீலப்பச்சை அல்காவைப் பற்றி எழுதினார்கள். 1982இல் பிரீட்மன் கல்லுக்குள் வாழும் இலைக்கனை விவரித்தார். மணற்கல்லின் மேற்பரப்புக்குக் கீழே, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குள், முதலில் ஒரு கறுப்புப் படை, பிறகு வெள்ளைப் படை, அதற்கும் கீழே பச்சைப் படை. கல்லின் துளைகளுக்குள்ளே இலைக்கன் குடியிருக்கிறது. வெயில் பட்டால் கல் வெளிக்காற்றைவிடச் சூடாகும். மேலே விழுந்த பனி கரைந்து துளைக்குள் இறங்கும். மெல்லிய வெளிச்சமும் உள்ளே போகும். இவ்வளவும் போதும் அதற்கு.

ஸ்கொட் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவர் மிதித்து நடந்த பள்ளத்தாக்கில் உயிர் கல்லுக்குள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு அதிசயம். செத்ததாகத் தெரிவது எல்லாம் செத்ததல்ல. 2013இல் கனடாவின் வடதுருவப் பகுதியான எல்ஸ்மியர் தீவில், பனிப்பாறை உருகிப் பின்வாங்கிய இடத்தில் சுமார் 400 வருடங்களாகப் புதைந்து கிடந்த பாசிகளை கத்தரின் லா பார்ஜ் என்ற விஞ்ஞானியின் குழு எடுத்து வளர்த்துக் காட்டியது. மறு வருடம் பிரித்தானிய விஞ்ஞானிகள் தென்பக்கத்துச் சைனி தீவில், உறைந்த பாசி மேட்டைத் துளைத்து ஆழத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தார்கள். ஈரமும் வெளிச்சமும் கொடுத்து வைத்தார்கள். சில வாரங்களில் புதுத் தளிர் வந்தது. அந்தப் பாசியின் வயது 1500 வருடங்களுக்கு மேல்!

இவ்வளவு தாங்கும் உயிருக்கு இப்போது சோதனை வந்திருக்கிறது. கிழக்கு அந்தாட்டிக்காவில் கேசி என்ற அவுஸ்திரேலிய ஆய்வு நிலையத்தின் அருகே பழமையான பாசிப் படுக்கைகள் இருக்கின்றன. வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்கூட வளராதவை. ஷரோன் ரொபின்சன் என்ற விஞ்ஞானியின் குழு 2000ஆம் ஆண்டளவில் சிறு சிறு சதுரங்களைக் குறித்து வைத்து, அதே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. பச்சையாக இருந்தவை சிவந்தன, பிறகு சாம்பல் நிறமாகின. காய்கின்றன. ஓசோன் படையின் துவாரமும் காலநிலை மாற்றமும் காற்றின் போக்கை மாற்றியதுதான் காரணம் என்று 2018இல் அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் பாசிக்காகவே ஒதுக்கப்பட்ட இடம் உண்டு, அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. ஆனால் காற்றுக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லையே.

யோசித்துப் பாருங்கள். ரொஸின் தீர்ப்பையே கடைசி வார்த்தையாக எடுத்திருந்தால், இன்று இந்தப் பாசி காய்வதைப் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார். இல்லை என்று எழுதப்பட்ட ஒன்று அழிந்தால் யாருக்கும் தெரியாது. கவலைப்படவும் ஆளிருக்காது. ஆகவே 'அங்கே ஒன்றும் இல்லை' என்று யாராவது சொன்னால், எத்தனை இடத்தில் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், குனிந்து பார்த்தீர்களா என்று கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டு மதிலிலோ தென்னை மரத்திலோ பத்து சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைக் குறித்து வையுங்கள். அதற்குள் எத்தனை நிறத்தில் பாசியும் இலைக்கனும் இருக்கின்றன என்று எண்ணி, படம் எடுத்து, திகதியை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே நாளில், இன்ஷா அல்லாஹ், அதே சதுரத்தை மறுபடி பாருங்கள். எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். பூச்சியம் என்று எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள்.