ஓடாத பந்தாட்டம்

கால்பந்தாட்டத்தில் ஓடினால் குற்றம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஆனால் இங்கிலாந்தில் மெய்யாகவே அப்படி ஓர் ஆட்டம் இருக்கிறது. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், பெண்களும் உண்டு. எந்நேரமும் ஒரு கால் தரையில் பதிந்திருக்க வேண்டும். ஆசையில் நாலடி ஓடிவிட்டால் ஊதல் ஒலிக்கும். பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும்.

2011-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது, டெர்பிஷயரிலுள்ள செஸ்டர்பீல்டு கால்பந்துக் கிளப்பைச் சேர்ந்த சமூக அறநிலையம். ரயில் எஞ்சினால் உலகத்தையே ஓட வைத்தாரே ஜார்ஜ் ஸ்டீவன்ஸன், அவர் 1848-இல் கண்மூடியதும் இந்த ஊரில்தான். அவர் உறங்கும் ஊரில் மனிதர்கள் நடந்து பந்தாடுகிறார்கள்!

வயதானவர்களைக் கூட்டி வைத்துப் பேசச் செய்வது ஒரு பந்தாட்டக் கிளப்பின் வேலையா என்று கேட்கலாம். சரித்திரத்தைப் புரட்டினால், அதன் பழைய வேலையே ஏறக்குறைய அதுதான் என்று தெரிகிறது.

1850-ஆம் வருஷச் சட்டம் ஒன்று, நெசவாலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. மெள்ள மெள்ள அந்த அரைநாள் ஓய்வு மற்றத் தொழிலாளிகளுக்கும் பரவிற்று. ஓய்வு கிடைத்தவர்கள், யாருடன் உழைத்தார்களோ, யாருடன் தொழுதார்களோ, அவர்களுடனேயே பந்தையும் உதைத்தார்கள். 1874-இல் பர்மிங்ஹாமில் ஒரு வெஸ்லியன் தேவாலயத்து இளைஞர்கள் சேர்ந்து அமைத்ததுதான் ஆஸ்டன் வில்லா. 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைத் தொழிலாளிகள் தொடங்கியது பின்னால் மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. கிளாஸ்கோவில் 1887-இல் பிரதர் வால்பிரிட் என்ற துறவி செல்டிக் கிளப்பைத் தொடங்கினாரே, எதற்காக? ஏழைக் குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் வேண்டியிருந்தது!

காலம் மாறியது. பட்டறைகள் போயின. 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு டெர்பிஷயர் நிலக்கரிச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கிளப் நின்றது. வேலை போனால் கூலியோடு சேர்ந்து பேச்சும் போய்விடுகிறது. சுரங்கத்தில் பக்கத்தில் நின்றவன் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறானோ!

ஆண்பிள்ளை விசித்திரப் பிறவி. “தனியாக இருக்கிறாயே, பேச வா” என்று அழைத்துப் பாருங்கள், வரமாட்டான், கௌரவக் குறைவு. “ஓர் ஆள் குறைகிறது, ஆட வா” என்றால் முழங்கால் வலியைக்கூட மறந்து புறப்பட்டுவிடுவான். செஸ்டர்பீல்டுக்காரர்கள் பிடித்த சூட்சுமம் இதுதான் என்று நினைக்கிறேன். 2018 ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் தனிமைத் துயருக்கென்றே ஒரு மந்திரியை நியமித்தபோது, அந்தப் பொறுப்பை விளையாட்டு மந்திரி டிரேசி கிரௌச்சிடம் கொடுத்தார்கள். யோசித்தோ யோசிக்காமலோ, பொருத்தமாகத்தான் செய்தார்கள்.

ஆட்டம் முடிந்தால் தேநீர். நடந்தது நடையா ஓட்டமா என்ற வழக்கு அங்கே தொடர்கிறது. ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால், என்ன ஆயிற்று என்று விசாரிக்க ஆள் இருக்கிறது.