இலண்டன் தேநீர்க்கடை முதல் பினாங்குக் கொல்லைப்புறம் வரை



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் உந்துருளிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு இருக்கிறது. பெற்றோர் சந்திப்பு நாள்களில் அண்மைக் காலமாக என் செவியில் அடிக்கடி விழும் மனக்குறை ஒன்று உண்டு. "ஐயா, மூத்த பையன் ஒரு பழைய மோட்டாரை வாங்கி வந்து கொல்லைப்புறத்தில் பிரித்துப் போட்டிருக்கிறான். கேட்டால் 'கஃபே ரேசர்' செய்கிறேன் என்கிறான். படிப்பைக் கெடுத்துக்கொள்வானோ, சாலையில் உயிரையே விட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது" என்பதே அது.

அந்தப் பயம் நியாயமானது. ஆயினும், 'கஃபே ரேசர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. நம் பினாங்கு மாநிலத்தின் கதையும் அதற்கு அருகில் வந்து நிற்கிறது. அதனை அறிந்துகொண்டால், எதைத் தடுப்பது, எதை வளர்ப்பது என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு நமக்குக் கிட்டும்.

பெயர் பிறந்த இடம்

இலண்டனின் வடக்கு வட்டச் சாலையோரம் 1938-ஆம் ஆண்டில் 'ஏஸ் கஃபே' என்னும் உணவகம் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் செல்லும் சரக்குந்து ஓட்டுநர்கள் தேநீர் அருந்தி இளைப்பாறும் இடம் அது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, 1949-இல் மீண்டும் கட்டப்பட்டது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்கள் கையில் முதன்முறையாகக் கொஞ்சம் பணம் புழங்கியது. மகிழுந்து வாங்க அது போதாது; பழைய உந்துருளி வாங்கப் போதும். இரவெல்லாம் திறந்திருந்த அந்தத் தேநீர்க்கடை அவர்களின் சந்திப்பு மையமாயிற்று.

மணிக்கு 100 மைல் (ஏறத்தாழ 160 கிலோமீட்டர்) வேகத்தை எட்டுவதே அவர்களின் கனவு. கடையிலிருந்த பாட்டுப் பெட்டியில் காசு போட்டுவிட்டு, பாடல் முடிவதற்குள் குறித்த இடம் வரை சென்று திரும்ப வேண்டும் என்று பந்தயம் கட்டினார்கள் என ஒரு கதை வழங்குகிறது. உண்மையாக நடந்ததைவிடக் கதையாக வளர்ந்ததே மிகுதி என்பாரும் உளர். நம் மாணவர்களுக்கு இதையே ஒரு கணக்காகக் கொடுக்கலாம்: மூன்று நிமிடப் பாடலுக்குள் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு தூரம் செல்லலாம்? விடை 8 கிலோமீட்டர். பொதுச்சாலையில், இரவில், அன்றைய மெல்லிய டயர்களோடு! எத்தனை தாய்மார்கள் கண்ணீர் வடித்திருப்பார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

'கஃபே ரேசர்' என்பதே கேலியாக எழுந்த பெயர் என்பர். 'இவர்கள் உண்மையான பந்தய வீரர்கள் அல்லர். ஒரு தேநீர்க்கடையிலிருந்து அடுத்த தேநீர்க்கடைக்குப் பாய்பவர்கள்' என்பது அதன் உட்பொருள். கேலிப் பெயரே பிற்காலத்தில் பெருமைப் பெயராக மாறிற்று.

இரண்டு பழையதிலிருந்து ஒரு புதியது

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேகத்தைப் பற்றியதன்று, சிக்கனத்தைப் பற்றியது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைச் சார்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ் முறையான பொறியியற் கல்வி பெறாதவர். செய்து பார்த்தே கற்றவர். அவர் தம் சகோதரரோடு உருவாக்கிய சட்டகத்தை நார்ட்டன் நிறுவனம் தன் பந்தய வண்டிகளில் பொருத்தியது. 1950-இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடைபெற்ற சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெஃப் டியூக் அவ்வண்டியில் வென்றார். சாலையின் மேடுபள்ளம் தெரியாமல் மெத்தையில் செல்வது போல் இருந்ததால், அச்சட்டகத்திற்கு 'இறகு மெத்தை' எனப் பொருள்படும் 'ஃபெதர்பெட்' என்ற பெயர் நிலைத்தது.

அதே காலத்தில் 500 சி.சி. இயந்திரம் பூட்டிய சிறு பந்தய மகிழுந்துகள் இங்கிலாந்தில் புகழ் பெற்றன. அவற்றுக்கு நார்ட்டன் இயந்திரம் தேவைப்பட்டது. நிறுவனமோ இயந்திரத்தைத் தனியாக விற்கவில்லை. எனவே, முழு உந்துருளியை வாங்கி, இயந்திரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு, சட்டகத்தை ஒதுக்கினர். ஒதுக்கப்பட்ட அந்தச் சட்டகங்களை வாங்கி, அவற்றில் டிரையம்ஃப் நிறுவனத்தின் இரட்டை உருளை இயந்திரத்தைப் பொருத்தினர் வேறு சிலர். டிரையம்ஃபும் நார்ட்டனும் இணைந்து 'டிரைட்டன்' பிறந்தது. கஃபே ரேசர் உலகின் முடிசூடா மன்னன் இதுவே. எந்தத் தொழிற்சாலையும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. ஒருவர் வேண்டாமென ஒதுக்கியதை இன்னொருவர் கைத்திறன் பொன்னாக்கியது.

ஏனைய மாற்றங்களுக்கும் காரணம் உண்டு. உயரமான கைப்பிடியை நீக்கித் தாழ்வாக இரு துண்டுக் கைப்பிடிகளை வைத்தனர். கால்மிதிகளைப் பின்னுக்குத் தள்ளினர். இருவர் இருக்கையை எடுத்துவிட்டுப் பின்புறம் புடைத்த ஒற்றை இருக்கையைப் பொருத்தினர். ஓட்டுபவர் தொட்டியின் மேல் குனிந்து படுத்தாற்போல் செல்ல இவை உதவின. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். அதைப் பாடநூலில் படித்தறியாத இளைஞர்கள் நெஞ்சில் மோதிய காற்றிலிருந்தே கற்றுக்கொண்டனர்!

தேடிச் சென்ற பாதிரியார்

அக்காலத்து நாளேடுகள் இவ்விளைஞர்களைச் சமூகத்தின் களைகளாகவே சித்திரித்தன. ஆனால், இலண்டனின் ஹேக்னி விக் பகுதியில் பணியாற்றிய பாதிரியார் பில் ஷெர்கோல்டு வேறு விதமாகச் சிந்தித்தார். 1959-இல் தொடங்கப்பட்டதால் '59 கிளப்' எனப் பெயர் பெற்ற இளைஞர் மன்றம் ஒன்று அங்கு இருந்தது. அவரும் உந்துருளி ஓட்டுபவரே. 1962-இல் ஏஸ் கஃபேக்கே நேரில் சென்று அவ்விளைஞர்களை அழைத்தார். மன்றத்தில் உந்துருளிப் பிரிவு தோன்றியது. காலப்போக்கில் ஆயிரக்கணக்கானோர் அதில் உறுப்பினராயினர்.

ஆசிரியப் பெருமக்களே, இந்நிகழ்வை நாம் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் வண்டியைப் பழிக்கவில்லை. இளைஞர்களைத் தேடிச் சென்று, அவர்கள் வந்து அமர ஓர் இடம் கொடுத்தார்.

திருவொற்றியூரில் காத்த மரபு

இனி, தமிழ் மண்ணுக்கு வருவோம். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. வட சென்னைத் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெடிட்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டுவதில் தொடங்கி, படிப்படியாக முழு 'புல்லட்' வண்டியும் அங்கேயே உருவானது.

1961-இல் இங்கிலாந்து அரசு, பழகுநர் உரிமம் உடையோர் 250 சி.சி.க்கு மேற்பட்ட உந்துருளியை ஓட்டக்கூடாது என வரையறுத்தது. அந்த இளைஞர்களைக் கருதி ராயல் என்ஃபீல்டு 1964-இல் 'கான்டினென்டல் ஜி.டி.' என்னும் 250 சி.சி. வண்டியை வெளியிட்டது. வீட்டில் செய்த மாற்றங்களையே தொழிற்சாலை பின்பற்றி விற்றது! ஆனாலும், ஆங்கிலேய உந்துருளித் தொழில் சரிந்தது. ரெடிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. ஏஸ் கஃபேயும் 1969-இல் கதவடைத்தது.

தாய் ஆலை மறைந்த பின்னும் திருவொற்றியூர் ஆலை ஓயவில்லை. 1977-இல் அங்கிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. கற்றுக்கொடுத்தவர் கைவிட்ட கலையைக் கற்றுக்கொண்டவர் காத்து, அவர் நாட்டுக்கே அனுப்பினார் எனலாம். ஏஸ் கஃபே 2001-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2013-இல் 535 சி.சி. கான்டினென்டல் ஜி.டி.யும், 2018-இல் இரட்டை உருளை கொண்ட 650 சி.சி. வண்டியும் சென்னைப் பகுதி ஆலைகளிலிருந்து விற்பனைக்கு வந்தன. இலண்டன் இளைஞனின் கனவு வண்டி இன்று தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளில் உருவாகிறது.

பினாங்கும் கப்சாயும்

நம் நாட்டில் உந்துருளி பரவிய கதை பினாங்கில் தொடங்குகிறது. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் 1915-இல் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பேருந்து கழுவியும் இயந்திர வேலை பழகியும் உயர்ந்தவர் டான்ஸ்ரீ லோ பூன் சியூ. ஹோண்டா நிறுவனம் 1958-இல் 'சூப்பர் கப்' வண்டியை வெளியிட்டது. 1950-களின் இறுதியில் அவ்வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவர் 1995-இல் மறைந்தார். பூன் சியூ ஹோண்டா ஆலை இன்று பத்து காவானில் இயங்குகிறது.

'கப்' என்னும் ஹோண்டாப் பெயரோடு 'சிறியது' எனப் பொருள்படும் சீன ஒட்டு இணைந்து 'கப்சாய்' ஆயிற்று என்பர். தோட்டத்தில் பால் மரம் வெட்டச் சென்றதும், மீன் கூடையைச் சந்தைக்குச் சுமந்ததும், நம்மில் பலரைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டதும் இந்தக் கப்சாய்தான். வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சி70 வண்டி, ஏதோ ஒரு தாத்தாவின் உழைப்புக்குச் சாட்சி.

கொல்லைப்புறத்தில் நடப்பது என்ன?

என் முன்னாள் மாணவர் ஒருவர் அத்தகைய சி70 வண்டியைக் கஃபே ரேசர் பாணியில் மாற்றியமைப்பதைச் சில மாதங்கள் கவனித்தேன். கழற்றும் முன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்தார். ஒவ்வொரு மின்கம்பியிலும் காகிதப் பட்டை ஒட்டிப் பெயர் எழுதினார். திருகாணிகளைப் பிரித்துப் பழைய மைலோ டின்களில் இட்டார். பள்ளியில் வரிசையாக எழுதச் சொன்னால் சலித்துக்கொண்ட பிள்ளை அவர்!

காற்று வடிகட்டியை மாற்றியதும் வண்டி திணறியது. ஏன்? காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிட்டது. கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றினார். தீப்பொறிச் செருகியைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தார். வெண்மையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. இளம் பழுப்பாக இருந்தால் அளவு சரி. ஊகித்து, சோதித்து, பதிவுசெய்து, மீண்டும் சோதிக்கும் இம்முறையைத்தான் நாம் அறிவியல் பாடத்தில் 'அறிவியல் செயற்பாங்கு' என்று கற்பிக்கிறோம்.

கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளவும் அவர் எண்ணினார். தள்ளினால் பிரேக் மிதியின் இணைப்புத் தண்டையும் புதிதாக அமைக்க வேண்டும். அது சிறிது பிசகினாலும் பிரேக் பிடிக்காது. அதனால், அவ்வேலையை மட்டும் அனுபவம் மிக்க பட்டறைக்காரரிடம் ஒப்படைத்தார். தன்னால் இயலாததை அறிவதும் கல்வியே அல்லவா?

சட்டமும் உயிரும்

பெற்றோர்கள் உறுதியாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் உந்துருளியில் சென்றவர்கள். தலைக்கவசம் 1973-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. சட்டக எண்ணும் இயந்திர எண்ணும் கெரானில் உள்ளவாறே இருக்க வேண்டும். இயந்திரத்தை மாற்றினாலோ வண்ணத்தை மாற்றினாலோ ஜே.பி.ஜே.க்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும். சட்டகத்தை மனம்போல் வெட்டுவதும், ஒலியடக்கியை நீக்கி ஊரை எழுப்புவதும் கைத்திறன் ஆகா.

'மாட் ரெம்பிட்' கூட்டத்தோடு நள்ளிரவில் பாய்வது வேறு. கொல்லைப்புறத்தில் அமர்ந்து ஓர் இயந்திரத்தைப் புரிந்துகொள்வது வேறு. ஏஸ் கஃபே வரலாற்றில் இவ்விரண்டும் பின்னிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து, முன்னதைத் தடுத்துப் பின்னதை வளர்ப்பது நம் கடமை. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பிள்ளையின் திருகுகோலைப் பிடுங்கி எறிந்தால், அவன் கொல்லைப்புறத்தை விட்டுச் சாலைக்கே போய்விடுவான் என்பதுதான் என் அச்சம்.

எழுத்துத் தேர்வில் பின்தங்கியவன் என்று நாம் முத்திரை குத்திய பிள்ளைக்குக் கையில் அறிவு இருக்கலாம். தொழிற்கல்லூரிகளும், எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழும் அத்தகைய பிள்ளைகளுக்காகவே உள்ளன. உங்கள் பிள்ளை மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தால், ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டு அருகில் அமருங்கள். "இது என்ன பாகம்? எதற்குப் பயன்படுகிறது?" என்று கேளுங்கள். தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். அவன் சொல்லும் விடையில், அவன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.