அப்பா - அம்மா கல்யாண கேசட்டை ஹெச்.டி வீடியோவோட சேர்க்கப்போறீங்களா? இதைப் படிங்க!

அப்பா - அம்மாவோட 30-வது கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸ் வீடியோ ரெடி பண்றீங்க. பீரோவுல தூங்கிட்டிருந்த வி.ஹெச்.எஸ் கேசட்டைக் கன்வெர்ட் பண்ணி, மொபைல்ல எடுத்த புது வீடியோவோட சேர்த்தா... அம்மா முகம் அகலமாகிடுச்சு, தாலி கட்டுற கையைச் சுத்தி சீப்புப் பல் மாதிரி கோடுகள்! கேசட் கெட்டுப்போச்சுனு முடிவு பண்ணிடாதீங்க. இந்த ரெண்டுக்கும் காரணம் பெரும்பாலும் செட்டிங்ஸ்தான்.

என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் கேசட்டைக் கன்வெர்ட் பண்ணினா, வழக்கமாகக் கிடைப்பது 720x576 பிக்ஸல். இதுதான் எஸ்.டி. ஃபுல் ஹெச்.டி-யோ 1920x1080. அதாவது, 5 மடங்கு பிக்ஸல்கள். எஸ்.டி-யை ஹெச்.டி அளவுக்குப் பெருசாக்கும்போது, இல்லாத பிக்ஸல்களை சாஃப்ட்வேர் அக்கம்பக்கம் பார்த்து நிரப்பும். படம் பெருசாகும், தெளிவு கூடாது. அதுக்காக புராஜெக்டையே எஸ்.டி-யில் வைக்காதீங்க, புது வீடியோவும் மங்கிடும். ஹெச்.டி-யிலேயே வைங்க.

இழுக்காதீங்க!

பழைய வீடியோவின் வடிவம் 4:3, புதுசு 16:9. திரையை நிரப்ப இழுத்தா எல்லோரும் குண்டாகிடுவாங்க. ஜூம் பண்ணி நிரப்பினா, உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும். அந்தக் கால்வாசியில பாட்டியோட தலை இருக்கலாம். 1440x1080 அளவில் நடுவில் வைங்க. ரெண்டு பக்கமும் 240 பிக்ஸல் காலியா இருக்கும். கறுப்பாகவே விடலாம், இல்லைன்னா அதே காட்சியை பிளர் பண்ணி பின்னணியா வைக்கலாம். முகம் ஒல்லியா தெரிஞ்சா, ஃபைலின் வடிவத்தை 4:3-னு மாத்துங்க.

அந்தச் சீப்புக் கோடு?

பழைய டி.வி முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு பாதியா பதிவாகும். முதல்ல ஒரு வரி விட்டு ஒரு வரி, அப்புறம் விட்டுப்போன வரிகள். அந்த இடைவெளியில கை நகர்ந்துட்டா, ரெண்டு பாதியும் பொருந்தாம கோடு தெரியும். இதைச் சரிசெய்வதுதான் டிஇன்டர்லேஸ். கம்ப்யூட்டர்ல இலவசமா கிடைக்கிற ஹேண்ட்பிரேக்கிலேயே இந்த வசதி இருக்கு. முதலில் டிஇன்டர்லேஸ், அதுக்கப்புறம்தான் பெருசாக்கணும். மாத்திச் செஞ்சா கோடுகளும் சேர்ந்து பெருசாகி, பிரிக்கவே முடியாது.

இன்னொரு டிப்ஸ்... மொபைல் வழக்கமா நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும். 25 ஃப்ரேம் வசதி உங்க போன்ல இருந்தா, புதுக் காட்சிகளை அதில் எடுங்க. பழசும் புதுசும் திக்கித் திணறாம ஓடும்.

ஏ.ஐ உஷார்!

‘ஒரே கிளிக்கில் ஹெச்.டி’ ஆப்கள் சில நேரம் மங்கலான முகத்தைத் தாங்களாகவே யூகிச்சு வரையும். முகம் பளிச்சுனு இருக்கும். ஆனா, அது உங்க தாத்தாவா இருக்காது. அவர் இப்போ இல்லைன்னா, அந்தச் சில நொடிகள்தான் அவர் நடந்த, சிரிச்ச ஒரே பதிவா இருக்கலாம். அதனால, லேசா கலர் கரெக்‌ஷன், இரைச்சல் குறைப்பு போதும்.

எல்லாத்துக்கும் முன்னாடி, கேசட்டை உடனே கன்வெர்ட் பண்ணுங்க. ஈரப்பதத்துல டேப்பில் பூஞ்சை பிடிக்கும். வி.சி.ஆர் தயாரிப்பில் கடைசி வரை தாக்குப்பிடிச்ச ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-லேயே தயாரிப்பை நிறுத்திடுச்சு. கன்வெர்ட் பண்ணின ஒரிஜினல் ஃபைலை ரெண்டு இடத்துல பத்திரப்படுத்திட்டு, காப்பியில மட்டும் எடிட் பண்ணுங்க. எடிட்டை எப்போ வேணும்னாலும் திரும்பச் செய்யலாம், அந்தக் கல்யாணத்தைத் திரும்ப ஷூட் பண்ண முடியாதே!