கோவளம் (செங்கல்பட்டு மாவட்டம்)

கோவளம், சோழமண்டலக் கடற்கரையில் சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள மீனவர் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுகளின் கோட்டையும் துறைமுகமும் இருந்த இடம். கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே சுமார் 5 கி.மீ. சென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி இவ்வூர் வரும். திருப்போரூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் இதைக் ‘கோவ்லாங்’ என்று எழுதினர். கேரளத்துக் கோவளம் வேறு ஊர்.

நில அமைப்பு

கிழக்கே வங்கக் கடல். மேற்கே முட்டுக்காடு உப்பங்கழி. இடையில் உள்ள மணற்பாங்கான நிலத்தில் ஊர் அமைந்திருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாறைமுனை அலைகளின் வேகத்தைத் திருப்பிவிடுகிறது. கழிக்கும் கடலுக்கும் நடுவே முகத்துவாரம். கோடையில் மணல்திட்டு அதை அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். பக்கிங்காம் கால்வாயும் இக்கழியோடு இணைகிறது. கேளம்பாக்கத்தின் உப்பளங்களும், வலசைப் பறவைகள் இரை தேடும் ஆழமற்ற நீர்ப்பரப்புகளும் இந்த நீரமைப்பைச் சேர்ந்தவையே.

சென்னையின் தென்புறநகருக்கு இந்த முகத்துவாரம் உயிர்நாடி. தாம்பரத்தை அடுத்த கிழக்குப் பகுதி ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கடைசியில் இங்கேதான் கடல் சேர்கிறது. முகத்துவாரம் தூர்ந்தால் மேலே உள்ள தெருக்களில் தண்ணீர் வடியாது.

வரலாறு

ஸ்பெயின் வசமிருந்த தென் நெதர்லாந்து 1714-இல் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசின் கைக்கு மாறியது. அங்குள்ள ஆஸ்டெண்ட் துறைமுக வணிகர்கள் அடுத்த சில ஆண்டுகளிலேயே கோவளத்தில் தங்கள் வணிக நிலையத்தை அமைத்தனர். 1722-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் ஆஸ்டெண்ட் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்குதலால் 1727-இல் பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

அந்த நிலையத்தின் இடிபாடுகளுக்கு அருகில் நவாப் அன்வருதீன் கான் எழுப்பிய கோட்டைக்குச் ‘சாதத் பந்தர்’ என்று பெயர். 1750-இல் பிரெஞ்சுக்காரர் இதைச் சூழ்ச்சியால் பிடித்த கதையை ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கரைக்கு எதிரே வந்து நின்ற பிரெஞ்சுக் கப்பல் ஆபத்துக் குறி காட்டியது. மாலுமிகளில் பெரும்பாலோர் நோயில் மாண்டனர், கரையேற விடாவிட்டால் மிஞ்சியவர்களும் பிழைக்கமாட்டார்கள் என்று கெஞ்சினர். இரங்கிக் கோட்டைக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்ட ‘நோயாளிகள்’ ஒளித்துவைத்திருந்த ஆயுதங்களோடு இரவில் எழுந்து காவலரை மடக்கினர்.

1752-இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ், சுமார் 200 ஐரோப்பியரும் 500 சிப்பாய்களும் கொண்ட படையோடு வந்தார். எல்லோரும் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள். கோட்டையிலிருந்து வந்த குண்டில் ஒருவர் இறந்ததுமே மற்றவர்கள் ஓடத் தொடங்கினர். பீரங்கிச் சத்தத்துக்கு அஞ்சிய ஒரு காவல்வீரர் சில மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டார். இத்தனைக்குப் பிறகும் கோட்டை கிளைவிடம் பணிந்தது. உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படையையும் வழிமறித்து முறியடித்த கிளைவ், அடுத்துச் செங்கல்பட்டையும் கைப்பற்றினார். கோவளக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. துறைமுகத்தின் சிறப்பும் அதோடு மங்கியது. கோட்டை இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் 1974 முதல் கடற்கரை விடுதி ஒன்று இயங்குகிறது.

வழிபாட்டிடங்கள்

கோட்டை போனாலும் தமீம் அன்சாரி தர்கா நிலைத்திருக்கிறது. இங்கு அடங்கியிருப்பவர் நபிகள் நாயகத்தின் தோழர் என்பது மக்கள் நம்பிக்கை. எல்லாச் சமயத்தினரும் நேர்ந்துகொண்டு இங்கு வருகின்றனர். கார்மேல் அன்னை தேவாலயம் 1808-இல் கட்டப்பட்டது. போர்த்துக்கீசிய வழிவந்த சென்னை வணிகர் ஜான் டி மான்ட்டியின் பெயர் அதனோடு இணைந்தது. தெற்கே திருவிடந்தையில் 108 திவ்வியதேசங்களுள் ஒன்றான நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் உள்ளது.

ஸ்பெயினின் தென்கரையில் உள்ள மாலகா நகரோடு ஒப்பிட்டால் தர்கா நிலைத்திருப்பதன் அருமை விளங்கும். 1487-இல் முஸ்லிம் ஆட்சி முடிந்த அந்நகரில் அல்கசாபா கோட்டை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்திலோ பேராலயம் எழுந்தது. கோவளத்தில் அதற்கு நேர்மாறாக, கோட்டை தரைமட்டமானது, தொழுகை தொடர்ந்தது. ஆட்சிகள் மாறியபோதும் அண்டை அயலாராக வாழ்ந்த மக்கள் காத்த செல்வம் இது.

இன்றைய நிலை

மீன்பிடித்தல் ஊரின் முதன்மைத் தொழில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் செயல்படுகிறது. மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012-இல் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி, பாறைமுனையின் அலைகளை ஊர்ப் பிள்ளைகளின் ஆடுகளமாக்கியது. 2021-இல் கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. தமிழ்நாட்டில் அச்சான்றைப் பெற்ற முதல் கடற்கரை இதுவே.

பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் அடுக்குமாடிகள் பெருகப் பெருக, கழிக்கு வந்து சேரும் மழைநீரும் கழிவுநீரும் கூடிவருகின்றன. கழியும் முகத்துவாரமும் சுருங்காமல் காக்கப்பட்டால்தான் கோவளத்து மீனவர்க்கும் மேட்டிலுள்ள புறநகர் மக்களுக்கும் பாதுகாப்பு.