குடிமராமத்து: நம் ஜில்லாவின் பழைய கணக்கு



நம் பகுதி ஏரிக்கரைகளில் பெரியவர்கள் வாயில் இன்றும் வழங்கும் ஒரு சொல் 'குடிமராமத்து'. இச்சொல்லின் முற்பாதி தமிழ், பிற்பாதி அரபு. பழுது பார்த்தலைக் குறிக்கும் 'மரம்மத்' என்பதே நம் நாவில் 'மராமத்து' ஆயிற்று. ஊர்க்குடிகள் அனைவரும் ஒன்றுகூடித் தம் ஏரியின் கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்டு, வரத்துக்காலைத் தூர்வாரி வைத்த வழக்கத்திற்கு இப்பெயர். அதே போல், நில உரிமையைக் குறித்த 'மிராசு' என்ற சொல்லும் நம் வாரிசுரிமைச் சட்டத்தில் பயிலும் 'மீராஸ்' என்பதுதான். ஜில்லா, வசூல், பாக்கி, இனாம் என இவ்வரிசை நீளும். ஒரு வட்டாரத்தின் பொதுக்காரியச் சொற்களில் இத்தனை அரபு, பார்சிச் சொற்கள் கலந்துள்ளன என்றால், அப்பொதுக்காரியத்தில் நம் முன்னோர்க்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அவ்வெண்ணத்தின் பின்னே சென்றபோது கிடைத்த செய்திகளையே இங்கு எழுதுகிறேன்.

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. பாலாற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்தால்தான் பயிர் உண்டு. மேட்டு ஊரின் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர், கீழுள்ள ஊரின் ஏரிக்குச் செல்லும்; அது நிரம்பினால் அடுத்த ஊருக்கு. இவ்வாறு சங்கிலி போல் அமைந்த ஏற்பாட்டில், ஓர் ஊரார் தம் கரையைக் கவனியாது விட்டால் அடுத்த ஊரும் மூழ்கும். ஓர் ஊரார் கால்வாயை அடைத்தால் அடுத்த ஊர் காயும். ஆகவே, இங்கு ஊர் ஒற்றுமை என்பது நல்லெண்ணத்தால் மட்டும் விளைந்ததன்று. நீரின் ஓட்டமே அதனைக் கட்டாயமாக்கியது.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததும், இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளதுமான உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாட்கள். 'குடவோலை' என்ற அளவில் நாம் பெருமையுடன் நின்றுவிடுகிறோம். ஆனால், அக்கல்வெட்டின் உயிர்நாடி தேர்தல் முறையில் இல்லை, தகுதி நீக்க விதிகளில் இருக்கிறது என்பதே என் கருத்து. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதி இழந்தார். அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், மாமன், மாமனார், மைத்துனர், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் எனச் சுற்றத்தார் அனைவரும் தகுதி இழந்தனர்! கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் நிற்க இயலாது. முதல் விதி செய்த இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தி மறுவிதி செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நடைமுறையில் குறை தெரிந்ததால்தான் திருத்தியிருப்பார்கள். (இவ்விதியை இன்று நம் வட்டாரத்துச் சங்கங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் பொருத்தினால் நிர்வாகத்திற்கு எத்தனை பேர் மிஞ்சுவர் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகக் கேட்டார். நான் பதில் கூறவில்லை.)

அதே வேளையில் இதனை இன்றைய மக்களாட்சி என்று கூறிவிட முடியாது. அது ஓர் அந்தணர் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கே அதில் இடம். ஏரியில் மண் சுமந்தவர்க்கு ஏரி வாரியத்தில் இடமில்லை.

இனி, எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நம் கதைக்கு நெருங்கி வருவோம். ஆற்காடு நவாப் வாலாஜா முஹம்மது அலி, 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். அதனால் இப்பகுதிக்கே 'ஜாகீர்' என்ற பெயர் நிலைத்தது. தாம் பெற்ற நிலத்தில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய கம்பெனியார், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அளக்க அனுப்பினர். 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2,000 ஊர்களின் நிலம், நீர், வீடு, குடி, தொழில் ஆகியவற்றின் விவரங்கள் தொகுக்கப்பட்டன. அத்தொகுப்புக்கு ஆதாரமாக ஊர்க் கணக்கர்கள் எழுதிய பனையோலைச் சுவடிகளில் பல, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தரம்பால் என்ற அறிஞர் இவ்வாவணங்களின் அருமையை எடுத்துக் காட்டினார். பின்னர் சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தினர், திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் சுவடிக் கணக்குகளை 2001இல் நூலாகவே வெளியிட்டனர். திருப்போரூர் நமக்குத் தொலைவான ஊரா? செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் ஒரு பேருந்துப் பயணம்தானே!

அச்சுவடிகள் காட்டும் ஏற்பாடு இதுதான். களத்தில் நெல் குவிந்ததும், அரசு பங்கும் உழவர் பங்கும் பிரிப்பதற்கு முன்பாகவே பொதுப் பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. ஏரிக்கென்று ஒரு பங்கு. கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், மருத்துவர் என ஊருக்குப் பணி செய்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. கோயில்களுக்கும் மடங்களுக்கும் பங்கு. முஸ்லிம் பக்கீர்களுக்கும் பங்கு. இவற்றுள் சில நிலமாகக் கொடுக்கப்பட்ட மானியங்கள். சில களத்தில் அளந்து கொடுக்கப்பட்ட மேரைகள். எல்லாம் சேர்த்து மொத்த விளைச்சலில் ஏறக்குறைய கால் பங்கின் அளவில் இவ்வாறு ஊருக்கே நின்றது என்பது ஆய்வாளர் கணக்கு. இப்பங்குகளுக்கு அக்கால ஆவணங்களில் வழங்கிய பெயர் 'சுதந்திரம்'! அதாவது, பணி செய்தவர் கைநீட்டிப் பெற்ற தானமன்று, அவருடைய உரிமை. ஏரிக்குக் கொடுப்பதும் அவ்வாறே. ஊர்ப்பொதுவுக்கு மிச்சத்தில் கொடுப்பதில்லை, முதலில் எடுத்து வைப்பது என்பதே அம்முறையின் அடிப்படை. பயிர் அறுக்கும் நாளிலேயே ஜகாத் கணக்கை நினைக்கப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

இந்த ஏற்பாடு எப்படிக் குலைந்தது? போர்கள் ஒரு காரணம். 1752இல் கிளைவ் கோவளத்துக் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் கைப்பற்றினார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் ஜாகீர் ஊர்கள் பல பாழாயின. ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் நாம் போற்றுகிறோம். எனினும், அப்போரில் இப்பகுதிக் குடிகள் பட்ட துன்பத்தை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

ஆயினும் போரில் உடைந்த கரையை மீண்டும் கட்டலாம். 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரி உட்பட உடைந்து கிடந்த பல ஏரிகளைச் செப்பனிடச் செய்தார். மதுராந்தகத்தில் அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. ஆண்டுதோறும் உடையும் ஏரி உடையாமல் நின்றதைப் பற்றி அவ்வூர் மக்கள் கூறும் கதையும், 'ஏரி காத்த ராமர்' என்ற கோயிற் பெயரும் பலரும் அறிந்தவை. பிளேஸ் ஏரிகளைச் சீர் செய்தார் என்பது உண்மை. அதே பிளேஸ், ஊர்களில் மானியமாகவும் மேரையாகவும் பிரிந்து சென்றவற்றைத் துருவி, கம்பெனியின் வருவாயைக் கூட்ட முனைந்தார் என்பதும் உண்மை. ஏரியைக் காக்கும் பொறுப்பும் அதற்கான பங்கும் அதுவரை ஓரிடத்தில் இருந்தன. இப்போது பங்கு கஜானாவுக்குச் செல்லத் தொடங்கியது. பொறுப்பு மட்டும் ஊரிடம் நின்றது.

விளைவு அடுத்த நூற்றாண்டில் தெரிந்தது. விருப்பத்துடன் வந்த குடிமராமத்து குறைந்தது. அரசு 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டு வந்து, வராதவரிடம் அபராதம் வசூலிக்க முற்பட்டது. கையில் பங்கு இருந்தவரை அழைக்காமல் வந்தவர்கள், பங்கு போனபின் சட்டத்திற்கும் வரவில்லை. 1876-78 பெரும் பஞ்சத்தில் ஊர் ஊராக மக்கள் மடிந்த பிறகே அரசு விழித்துக்கொண்டு, 1883 முதல் ஏரிச் சீரமைப்புத் திட்டத்தை நடத்தியது.

இத்துடன் நிறுத்தினால், பழைய ஊர் பொன்னுலகம் என்று ஆகிவிடும். அதுவன்று. களத்தில் வெட்டியானுக்குப் பங்கு இருந்தது. ஊர்க்கூட்டத்தில் குரல் இருக்கவில்லை. நிலத்தின் மீதான மிராசு உரிமை சில குலத்தாரிடமே நின்றது. உழைத்த ஆதிதிராவிட மக்கள் தரிசு நிலத்தைக் கேட்டாலும் மிராசுதார்கள் தம் முன்னுரிமையைக் காட்டித் தடுத்தனர். குடியிருந்த மனைகூட அவர்க்குச் சொந்தமில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்நிலையை அரசின் முன் வைத்தது. அதன் பயனாகவே 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான ஆணை பிறந்தது. நீர், நெல், கணக்கு ஆகியவற்றில் அத்தனை நுட்பம் காட்டிய அதே ஊர்கள்தாம் ஊருக்குள் பாதிப் பேரை ஊராகக் கருதவில்லை. இதை எழுதாமல் அதை மட்டும் எழுதுவது நியாயமன்று.

சுதந்திரத்திற்குப் பின்பு (இது வேறு பொருளில்!) ஊராட்சிச் சட்டங்கள் வந்தன. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் 1996 தேர்தலும் வந்தபோது, தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு கிடைத்தது. குடவோலையில் பெயர் எழுதப்படாதவர்கள் தலைவர் நாற்காலியில் அமர்ந்தனர். கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022 முதல் மார்ச் 22 உலக நீர் நாளும், நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு முறை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கை அங்கு படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம்.

'குடிமராமத்து' என்ற பெயரும் மீண்டது. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தமிழக அரசு அத்திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கைப் பயன்பெறும் விவசாயிகள் உழைப்பாகவோ பணமாகவோ பொருளாகவோ தர வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால், சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர் வேலை செய்தார் என்ற குறை பல இடங்களில் எழுந்தது. ஊரார் வாராவிடில் வேறு யார் வருவார்?

ஏரி விவசாயிகளின் காரியம், நாம் வியாபாரிகள், நமக்கென்ன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2015 டிசம்பர் மழையில் முடிச்சூர் மூழ்கியபோது அங்கு எத்தனை பேர் விவசாயிகள்? மேட்டு ஏரிகள் நிரம்பி வழிந்த நீர், கால்வாய் இருந்த இடத்தில் வீடுகளைக் கண்டது, அவ்வளவே. 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும் எவர் வீடென்று பார்க்கவில்லை. அந்நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், கரையோர மீனவக் குடும்பங்களுக்கு இடமளித்து உணவளித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ஆபத்து நேரத்தில் அவ்வாறு ஓடி வருவதில் நம் சமுதாயம் எப்போதும் பின்தங்கியதில்லை. நான் கூறுவது ஆபத்து இல்லாத நாட்களைப் பற்றி. மழைக்கு முந்திய ஆனி, ஆடி மாதங்களில், எவரும் புகைப்படம் எடுக்க வராத வெயிலில், வரத்துக்காலில் மண்வெட்டியோடு நிற்கும் ஊராருள் நம்மவர் எத்தனை பேர்? மார்ச் 22 கிராம சபையில் நீர்நிலைகளைப் பற்றிப் பேசும்போது நம் மஹல்லாவிலிருந்து எழும் குரல் எத்தனை?

திருப்போரூர்ச் சுவடி எழுதிய கணக்கர் ஏரிக்கும் தச்சருக்கும் நாவிதருக்கும் எழுதிய அதே முறையில்தான் மற்றப் பங்குகளையும் எழுதினார். யார் எவர் என்ற பேதம் அவருடைய எழுத்தாணிக்கு இல்லை. இம்மலரின் பின்பக்கங்களில் நம் ஜமாஅத்தின் இவ்வாண்டு வரவு செலவுக் கணக்கு வழக்கம்போல் அச்சாகியுள்ளது. பள்ளிவாசல் பராமரிப்பு, மதரஸா, கபரஸ்தான் சுற்றுச்சுவர், ஏழைக் குமருக்கு உதவி எனத் தலைப்புகள் உள்ளன. அச்சுக்குப் போகுமுன் அதனை இருமுறை படித்துப் பார்த்தேன். ஏரி என்ற தலைப்பில் ஒரு ரூபாயும் இல்லை.