முத்தொளிர் நிறமிகளில் டைட்டானியம் டைஆக்சைடு

முத்தொளிர் நிறமி என்பது பெயின்ட், பிளாஸ்டிக், அச்சு மை, உதட்டுச்சாயம் ஆகியவற்றுக்கு முத்தின் மினுமினுப்பைத் தரும் நுண்ணிய செதில்பொடி. இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி, டைட்டானியம் டைஆக்சைடு பூசிய மைக்கா, அதாவது நம்மூரில் காக்காப்பொன் எனப்படும் தாதுவின் செதில்கள்.

இந்த மினுமினுப்பு முதலில் மீனிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ழாக்கன் என்ற பிரெஞ்சு மணிமாலைத் தொழிலாளி, ஆற்றுமீன் செதில்களிலிருந்து வெள்ளிப் பளபளப்பைப் பிரித்தெடுத்துக் கண்ணாடி மணிகளுக்குள் பூசிப் போலிமுத்து செய்தார் என்பர். அந்தப் பளபளப்பு குவானின் என்னும் பொருளின் படிகங்களால் வருவது. சிறிதளவு சாறு எடுக்கவே ஏராளமான மீன்கள் வேண்டியிருந்ததால் விலை மிகுதி. 20ஆம் நூற்றாண்டில் மாற்றாக வந்தவற்றுள் ஈயக் கார்பனேட் நஞ்சு. பிஸ்மத் ஆக்சிகுளோரைடு வெயில் பட்டால் கறுக்கும்.

டைட்டானியம் டைஆக்சைடு அப்போது புதிய பொருள் அல்ல. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கருமணலில் வில்லியம் கிரெகர் டைட்டானியம் என்ற தனிமத்தை அடையாளம் கண்டார்; 1910களின் பிற்பகுதியில் வெள்ளைப் பெயின்ட்டுக்கான நிறமியாக நார்வேயிலும் அமெரிக்காவிலும் உற்பத்தி தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட்டும் இதன் மூலத்தாதுவே. ஆனால் பெயின்ட்டில் அது தூளாக இருந்து ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. அதனால்தான் அந்த வெண்மை. முத்தொளிர்வுக்கு அதையே மெல்லிய, சீரான படலமாக்க வேண்டும். உண்மையான திருப்பம் இந்தப் படலத்தைப் பூசும் நுட்பத்தில்தான் இருந்தது. 1963இல் டூபான்ட் நிறுவனத்தின் ஹோவர்ட் லின்டன் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

மைக்கா செதில்களை அமிலம் கலந்த வெந்நீரில் மிதக்கவிட்டு, டைட்டானியம் உப்புக்கரைசலைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். செதிலின் மேல் படியும் ஆக்சைடைக் கழுவி, உலர்த்தி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் சுடுவார்கள். மைக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, டைட்டானியம் டைஆக்சைடினுடையது 2.5க்கும் மேல். இந்த இடைவெளியால் படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறம் காட்டுகின்றன. சாயம் ஒரு துளிகூட இல்லை. படலம் சுமார் 50 நானோமீட்டர் இருந்தால் வெள்ளி. தடிமன் ஏற ஏறப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என வரிசையாக மாறும். பொன்னிறப் பொடியைக் கறுப்புத் தாளில் தேய்த்தால் பொன் தெரியும். வெள்ளைத் தாளில் தேய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால், செதிலை ஊடுருவிப்போன ஒளியின் இளநீலம் தெரியும். இப்பொருளின் மிக அழகான பண்பு இது.

மைக்காவின் மேல் இயல்பாக உருவாவது அனட்டேஸ் எனும் படிக வடிவம். முதலில் மெல்லிய வெள்ளீய ஆக்சைடு பூச்சு கொடுத்தால் ரூட்டைல் வடிவம் உருவாகிறது. அதன் ஒளிர்வு கூடுதல். வெயிலையும் நன்கு தாங்கும். கார்களின் முத்துநிறப் பூச்சுகளுக்கு ஏற்றது இதுவே. உணவில் நிலைமை வேறு: 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் டைட்டானியம் டைஆக்சைடை உணவுச் சேர்க்கைப் பட்டியலிலிருந்து நீக்கியதால், அங்கே கேக், மிட்டாய்களுக்கு மினுமினுப்புப் பொடி செய்வோர் வேறு பூச்சுகளைத் தேட வேண்டியதாயிற்று.