துரத்துவோர் பார்வையும் துரத்தப்படும் உயிரும்: 19ஆம் நூற்றாண்டு டென்மார்க் அச்சோவியங்களில் விலங்குகள்

முன்னுரை

வேட்டைக் காட்சியில் ஓவியன் எவர் பக்கம் நிற்கிறான் என்பது கலைவரலாற்றில் போதிய கவனம் பெறவேண்டிய வினா. 19ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் அச்சோவியத்தின் பார்வை வேட்டையாடுவோரிடமிருந்து விலங்கின் பக்கம் நகர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வேட்டைக்களத்தின் மாற்றம்

கோபன்ஹேகனுக்கு வடக்கேயுள்ள மான்வனம் 17ஆம் நூற்றாண்டில் அரச வேட்டைக்காக வேலியிடப்பட்டது. அங்கே 1736இல் ஹெர்மிட்டேஜ் வேட்டை மாளிகை கட்டிமுடிக்கப்பட்டது. நாய்க்கூட்டத்தை ஏவி, மான் களைத்து நிற்கும்வரை குதிரையில் துரத்துவது அரச வேட்டைமுறை. அது முடியாட்சியின் ஆற்றலைக் காட்டும் சடங்குமாகும். 1777இல் அம்முறை கைவிடப்பட்டது. உழவரைப் பிறந்த பண்ணையோடு பிணைத்த கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கும் ஆணை 1788இல் பிறந்தது. பின்வந்த ஓவியர்கள் கண்டது துரத்தல் ஓய்ந்த காட்டையும் உழவரின் தொழுவத்தையுமே.

லுண்ட்பியின் விலங்குகள்

யொஹான் தோமஸ் லுண்ட்பி (1818–1848) ஆடுமாடுகளை அவற்றின் இயல்பான இருப்பில் வரைந்தவர். கோலுண்ட் 1845இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான நீதிக்கதைப் பாடல்நூலுக்கு அவர் வரைந்த படங்களை ஃபிளிஞ்ச் மரத்தில் செதுக்கினார். கடின மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் நுண்ணுளியால் செதுக்கப்பெறும் அச்சுக்கட்டையை ஈய எழுத்துகளுடன் ஒரே பக்கத்தில் பூட்டி அச்சிடலாம். செப்புத்தகட்டுப் படத்திற்கோ தனி அச்சுப்பொறி தேவை. எனவே விலங்கின் உருவம் செல்வர் சேமிப்பிலிருந்து குழந்தையின் கைக்கு எளிதில் வந்து சேர்ந்தது. போருக்குத் தன்னார்வலராகச் சென்ற லுண்ட்பி, 1848 ஏப்ரலில் தவறுதலாக வெடித்த துப்பாக்கியின் குண்டுபட்டு 29ஆம் வயதில் மறைந்தார்.

இரையின் கண்

ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையில் சதுப்புநில வேட்டை இடம்பெறுகிறது. சுடுவோரின் திறமை அங்குப் பொருளன்று. நாணலிடையே நடுங்கும் குஞ்சின் அச்சமே பொருள். 1849இல் வில்ஹெல்ம் பெடர்சன் வரைந்த மரச்செதுக்குப் படங்களோடு ஆண்டர்சனின் கதைத்தொகுதி வெளிவந்தது. பிரபுக்களின் பட்டமும் தகுதியும் சார்ந்த சட்டச் சலுகைகளை டென்மார்க்கின் அரசியலமைப்பு நீக்கியதும் அவ்வாண்டிலேயே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனல் பொருந்தாது. எனினும், இரண்டும் ஒரே சமூக மாற்றத்தின் இருவேறு வெளிப்பாடுகள் எனக் கொள்ள இடமுண்டு.

முடிவுரை

வேட்டை ஒழிந்துவிடவில்லை, தொழுவத்து விலங்கும் மனிதப் பயனுக்கே கட்டுண்டிருந்தது. விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அந்நாட்டில் தோன்றியது 1875இல்தான். ஆகவே இவ்வச்சோவியங்களைக் கருணையின் வெற்றியாகப் போற்றுவதினும், விலங்கின் வலியைக் காணக் கண்களைப் பழக்கிய ஆவணங்களாகக் கொள்வதே தகும். வேட்டைக் காட்சிகளின் எண்ணிக்கையைவிட, அவற்றைக் காண்போர் நிறுத்தப்படும் இடமே ஆய்வுக்குரியது.